களிமண் தரையில் ஒரு 6 அடி லேத்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

மன்னார்குடிப் பக்கம் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் திருவெறும்பூரில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து 6 அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைப் பழசாக வாங்கினேன். ராஜ்கோட்டில் செய்தது, கியர் ஹெட் (கியர் போட்டு வேகம் மாற்றுவது), 3 எச்பி மோட்டார், ஸ்பிண்டில் (வேலைப் பொருளைச் சுற்றும் தண்டு) நடுவில் உள்ள ஓட்டை 80 மில்லிமீட்டர். ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. மாதம் இரண்டு பேராவது "என்ன லேத் வாங்கலாம் அண்ணே" என்று கேட்கிறார்கள். தஞ்சாவூரில் துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் வைத்திருக்கும் குடும்பத்து நண்பர் ஒருவரும் போன மாதம் கேட்டார். அவருக்குச் சொன்னதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை அடி?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 6 அடி லேத் என்றால் பெட், அதாவது மற்ற பாகமெல்லாம் உட்காரும் நீளமான அடிப்பகுதி, 6 அடி, அவ்வளவுதான். ஸ்பிண்டில் இருக்கிற ஹெட் ஸ்டாக்கும், எதிர்முனையில் தாங்கல் கொடுக்கிற டெயில் ஸ்டாக்கும் உட்கார்ந்த இடம் போக, நடுவில் வேலைப் பொருளைப் பிடிக்கக் கிடைப்பது 3 அடி, மிஞ்சினால் 3¼ அடி. எங்கள் பட்டறைக்கு தை, மாசியில் வருகிற அறுவடை இயந்திரத்தின் முன்பக்க ஷாஃப்ட் ஒன்றே 6 அடி, 7 அடி இருக்கும். அதை இரண்டு முனையிலும் சென்டர் (கூர்முனைத் தாங்கல்) கொடுத்து நடுவில் பிடிக்க வேண்டுமென்றால் 10 அடி, 12 அடி பெட் வேண்டும், அந்த மெஷினுக்குப் பட்டறையில் இடமும் வேண்டும், மூன்று மடங்குக் காசும் வேண்டும். ஆனால் அந்த ஷாஃப்டில் தேய்ந்திருப்பது பேரிங் உட்காரும் 2 அங்குலம்தான். ஷாஃப்டை ஸ்பிண்டில் ஓட்டைக்குள் பின்பக்கமாக விட்டுவிட்டு, தேய்ந்த முனையை மட்டும் சக்குக்கு (ஸ்பிண்டில் முனையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வெளியே நீட்டிப் பிடித்தால் 6 அடி லேத்திலேயே வேலை முடிந்துவிடும். அதனால் முதல் கேள்வி ஓட்டை எவ்வளவு என்பதாக இருக்க வேண்டும்.

சின்ன 4½ அடி மெஷின்களில் ஓட்டை 38, 40 மில்லிக்குப் பக்கத்தில் இருக்கும். நடுத்தர மெஷின்களில் 52 மில்லி சாதாரணம். 52 போதுமே, ரைஸ் மில் ஷாஃப்ட் 2 அங்குலம் என்றால் 50.8 மில்லிதானே, நுழைந்துவிடுமே என்று எனக்கும் தோன்றியது. நிஜத்தில் நுழையாது. துரு ஏறி, எங்கோ ஒரு இடத்தில் யாரோ வெல்டிங் வைத்து, சாவிக் காடியில் பிசிறு கிளம்பி, லேசாக வளைந்தும் வருகிற ஷாஃப்ட் அது. என் மாமா பட்டறையில் 52 மில்லி மெஷினோடு பத்து வருடம் போராடினார், ஒவ்வொரு ஷாஃப்டையும் கிரைண்டர் போட்டுத் தேய்த்து உள்ளே விடுவதற்கே அரை நாள் போகும். "தம்பி, ஓட்டையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் 80 தேடினேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அதற்காக வருத்தப்படவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. பின்பக்கம் 4 அடி ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும்போது வேகம் கூட்டினால் அது சாட்டை மாதிரி வளைந்து அடிக்கும், பக்கத்தில் நிற்கிற ஆளின் உயிருக்கே ஆபத்து. ஸ்பிண்டிலின் பின்வாயில் நான்கு போல்ட் வைத்த ஒரு வளையம் செய்து மாட்டிக்கொள்ளுங்கள், ஷாஃப்டை அங்கேயும் நடுவில் இறுக்கிப் பிடிக்கும். அதற்கும் பின்னால் ஒரு ஸ்டாண்டில் மர புஷ் வைத்துத் தாங்கல் கொடுங்கள், வேகத்தையும் குறைவாகவே வையுங்கள். நான் இதை வாங்கிய முதல் வாரமே செய்துவிட்டேன்.

துப்பாக்கி நண்பருக்கும் இதே ஓட்டைக் கணக்குதான், ஆனால் அவருக்கு இன்னொன்றும் முக்கியம். குழல் மெல்லியது, அதனால் விட்டத்தில் அவருக்குப் பிரச்சினை இல்லை. நீளம் 26 முதல் 30 அங்குலம் வரும். அதை ஓட்டைக்குள் விட்டு, முன்னால் நான்கு ஜா (கவ்வும் தாடை) உள்ள சக்கிலும் பின்னால் அந்த நான்கு போல்ட் வளையத்திலும் பிடித்து, உள்துளையில் டயல் (நூறில் ஒரு மில்லி ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்து மையத்துக்குக் கொண்டுவருவார்கள். வெளிப்பக்கம் உள்துளையோடு ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது என்பதால்தான் உள்ளே டயல். ஹெட் ஸ்டாக் நீளமாக இருந்தால் குழல் பின்வளையத்தை எட்டாமல் நடுவிலேயே நின்றுவிடும். என் மெஷினின் ஹெட் ஸ்டாக் அவருக்கு நீளம் அதிகம், ஆகவே இதை அவருக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. ஹெட் ஸ்டாக் குட்டையாக, ஓட்டை 40 மில்லியே இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பிண்டில் ஆட்டமில்லாத நல்ல மெஷின் பாருங்கள் என்றேன். லைசென்ஸ் இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி செய்வதற்கு மட்டும் அல்ல, அதை ரிப்பேர் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும். பட்டறையில் யாராவது பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒரு ஸ்க்ரூ போட்டுக் கொடு என்றால் நான் தொடுவதே இல்லை, அந்த நண்பரிடம் அனுப்பிவிடுவேன்.

அவரோடு பேசிவிட்டுத் திரும்பும்போது தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் ஏறி ராஜகோபால பீரங்கியை மறுபடி ஒரு தரம் பார்த்தேன். ரகுநாத நாயக்கர் காலத்தது, 7 மீட்டருக்கு மேல் நீளம், இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி மாட்டி, அடித்தே இணைத்தது. வளையம் வளையமாகத் தெரியும் அந்தத் தையலைத் தொழில்காரன் பார்த்தால் நகர மனசு வராது.

சரி, மெஷினுக்கு வருவோம். வாங்குவதற்கு முன்னால் மூன்று இடத்தில் பார்த்தேன். முதலில் பார்த்தது ஒரு பழைய மெஷின் வியாபாரியிடம். புதுப் பச்சை பெயிண்ட், சக் பளபளவென்று, விலையும் குறைவு. டயல் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், "அதெல்லாம் பார்க்க வேண்டாம் சார், ஓட்டிப் பாருங்க" என்றார். அங்கேயே எனக்குப் பாதி ஆசை போய்விட்டது. விடாமல் கேட்டு வைத்துப் பார்த்தால் சக்குக்குப் பக்கத்தில் பெட் 15 பாயிண்ட் இறங்கியிருந்தது, அதாவது 0.15 மில்லி. பெயிண்ட் அடித்த ஆளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. இரண்டாவதாகப் பார்த்தது ஹெச்எம்டி என்ஹெச் 22. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அந்த மாதிரி வார்ப்பும் பெட்டும் இன்றைக்குச் சின்ன கம்பெனி மெஷினில் கிடைக்காது. 1953இல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி, அவர்கள் மெஷின் ஐ.டி.ஐ.யிலும் ரயில்வேயிலும் இன்னும் ஓடுகிறது. ஆனால் அதன் மோட்டாரும் எடையும் எங்கள் பட்டறைக்கு மிஞ்சியது, ஓட்டையும் நான் தேடிய 80 இல்லை. மனசில்லாமல் விட்டேன். பெரிய இடமும் நல்ல மின் இணைப்பும் இருக்கிறவர்களுக்குத் தேயாத ஹெச்எம்டியோ, ஹரிஹரில் செய்த பழைய கிர்லோஸ்கரோ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கண்ணை மூடிக்கொண்டு என்றாலும் டயலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவதுதான் இது. எப்படிப் பார்த்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய மெஷினில் காசு போவதும் நிற்பதும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். மெஷின்களைச் சோதிக்கும் முறையை ஜெர்மனியில் ஷ்லெசிங்கர் என்பவர் 1927இலேயே அட்டவணையாகப் போட்டுவிட்டார், பெரிய கம்பெனிகள் அதை வைத்துத்தான் மெஷினை வெளியே விடுகின்றன. நமக்கு அத்தனையும் தேவையில்லை. பெட் தேய்வது எப்போதும் சக்கிலிருந்து முதல் ஒரு அடி, ஒன்றரை அடிக்குள்தான், ஏனென்றால் வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. டெயில் ஸ்டாக் உட்காரும் தடத்தில் யாரும் சேடிலை (டூலைத் தாங்கிக்கொண்டு பெட் மேல் நகரும் பாகம்) ஓட்டுவதில்லை, அது பெரும்பாலும் தேயாமல் இருக்கும். சேடிலில் டயலை மாட்டி, முள்ளை அந்தத் தேயாத தடத்தில் வைத்து, சேடிலைக் கடைசியிலிருந்து சக் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால் பெட் எங்கே இறங்கியிருக்கிறது என்று முள்ளே சொல்லிவிடும். இந்த மெஷினில் 4 பாயிண்ட் காட்டியது. பழைய மெஷினுக்கு அது நல்ல கணக்கு.

அப்புறம் சக்கைக் கழற்றச் சொல்லி ஸ்பிண்டிலின் உள்வாயில் டயல் வைத்துச் சுற்றினேன், 1 பாயிண்ட் ஓடியது. சக்கோடு வைத்துப் பார்த்துவிட்டு ஸ்பிண்டில் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பழைய மூன்று ஜா சக் 10 பாயிண்ட் ஓடுவது சர்வசாதாரணம், சக்கை மாற்றிக்கொள்ளலாம், ஸ்பிண்டிலை மாற்றுவது வேறு கதை. ஒன்றரை அங்குல ராடு ஒன்றை 6 அங்குலம் வெளியே நீட்டிப் பிடித்து, டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல் லேசான கட் ஒன்று ஓட்டி இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் பார்த்தேன், 2 பாயிண்ட் வித்தியாசம். கியர்களை ஒவ்வொரு வேகத்திலும் போட்டுக் காது கொடுத்துக் கேட்டேன், ஒரே ஒரு வேகத்தில் டக் டக் என்று பல் சத்தம் வந்தது. அதைச் சொல்லி 8,000 ரூபாய் குறைத்தேன். இன்று வரை அந்த வேகத்தை நான் போடுவதில்லை, தேவையும் வரவில்லை. ஹாஃப் நட் (மரை வெட்டும்போது சேடிலை நீளத் திருகோடு இணைக்கும் பிளவு நட்) பாதி தேய்ந்திருந்தது, அதையும் தெரிந்தேதான் வாங்கினேன்.

இப்போது குறைகளைச் சொல்கிறேன். பெரிய குறை, சக் மரையில், அதாவது திருகில், ஏறி நிற்கிற ஸ்பிண்டில். இங்கே ஓடுகிற பெரும்பாலான மெஷின்கள் அப்படித்தான். முன்பக்கமாக ஓடும்வரை சக் இறுகிக்கொண்டே போகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ரிவர்ஸ் போட்டால் மொத்தச் சக்கும் கழன்று விழ வாய்ப்பு உண்டு. மெட்ரிக் மரை வெட்டும்போது இது கழுத்தில் கத்தி மாதிரி. என் மெஷினின் லீடு ஸ்க்ரூ, அதாவது சேடிலை இழுக்கும் அந்த நீளத் திருகு, அங்குலத்துக்கு 4 மரை. பழைய ஆயில் என்ஜின் வேலை என்றால் அங்குலக் கணக்கு, அதற்கு இது அருமையாக ஒத்துப்போகும். பவர் டில்லர் ஜப்பான் வடிவமைப்பு, முழுக்க மெட்ரிக். அங்குல லீடு ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை துல்லியமாக வர 127 பல் கியர் வேண்டும், அங்குலம் 25.4 மில்லி என்பதால் அதை ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்று முழு எண் கிடைக்கிறது. அந்தக் கியர் மாட்டி வெட்டும்போது ஹாஃப் நட்டை நடுவில் திறக்கக் கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆகவே மெஷின் முழுசாக நின்ற பிறகு மெதுவாக ரிவர்ஸ், இதைப் பட்டறைப் பையன்களுக்கு முதல் நாளே கை பிடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கேம்லாக் (சக்கை மரையில் ஏற்றாமல் பூட்டிப் பிடிக்கும்) ஸ்பிண்டில் உள்ள மெஷின் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தால் அதையே எடுங்கள், அதில் இந்தப் பயம் இல்லை. இன்னொரு வார்த்தை, மெஷினோடு 127 கியர் வருகிறதா என்று காசு கொடுக்கும் முன்னால் எண்ணிப் பாருங்கள். எனக்கு வரவில்லை, கோயம்புத்தூரில் தனியாக வெட்டி வாங்கினேன்.

இனி எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை. கல்லும் சரளையுமான தரையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே அடியில் இருப்பது களி. கோடையில் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறதோ, ஐப்பசி மழையில் எப்படி ஊறி உப்புகிறதோ, அதையேதான் பட்டறைத் தரைக்கு அடியிலும் அந்த மண் செய்கிறது. என் மாமா பட்டறையில் லேத்தைச் சாதாரண சிமெண்ட் தரையிலேயே வைத்திருந்தார், வருடா வருடம் கார்த்திகை பிறந்தால் மெஷின் கோணல் கட் போட ஆரம்பிக்கும், மெஷின் கெட்டுவிட்டது என்று ஃபிட்டரைக் கூப்பிட்டுச் செலவு செய்வார், சித்திரையில் தானாகச் சரியாகிவிடும், ஃபிட்டர் சரி செய்தார் என்று நினைத்துக்கொள்வோம். மெஷினில் ஒரு குறையும் இருந்ததில்லை. தரை லேசாகத் தூக்கியதில் பெட் முறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். வார்ப்பிரும்பு என்பதால் முறுக்காது என்று நினைக்க வேண்டாம், ஒரு காலுக்கு அடியில் கார்டு கனம் தகடு வைத்தாலே டயலில் தெரியும்.

அதனால் நான் மெஷின் வருவதற்கு முன்னால் அடித்தளத்துக்கே 38,000 ரூபாய் செலவழித்தேன். 3 அடி ஆழம் களியைத் தோண்டி வெளியே கொட்டிவிட்டு, மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் கம்பி கட்டி ஒரு அடி கான்கிரீட். சுற்றியுள்ள தரையோடு அந்தக் கான்கிரீட் ஒட்டாமல் இடைவெளி விட்டோம். கொத்தனார், "லேத்துக்கு எதுக்கு சார் வீட்டு அஸ்திவாரம்?" என்று கேட்டார். இப்போது அவரே மற்றவர்களுக்கு இதைச் சொல்கிறார்.

அப்படியும் வருடத்துக்கு இரண்டு தரம் லெவல் பார்க்கிறேன், சித்திரையில் ஒன்று, மழை ஓய்ந்த பிறகு மார்கழியில் ஒன்று. கொத்தனார் மட்டக்கோல் இதற்கு உதவாது, மீட்டருக்கு 0.02 மில்லி காட்டும் லெவல் வேண்டும். அதை வாங்க முடியாதவர்கள் அந்த 6 அங்குல ராடு சோதனையையே செய்யலாம். வெளிமுனை பருத்து வந்தால் டெயில் ஸ்டாக் பக்கம் உள்ள முன்காலை, அதாவது நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலை, போல்ட்டில் ஒரு பொட்டு உயர்த்துங்கள், மெலிந்து வந்தால் பின்காலை. மறுபடி ஒரு கட், மறுபடி மைக்ரோமீட்டர். போன மார்கழியில் 4 பாயிண்ட் காட்டியது, ஒன்றரை மணி நேரத்தில் 1 பாயிண்டுக்குக் கொண்டுவந்தேன்.

துருவும் இங்கே ஒரு பெரிய எதிரி. அடைமழையில் ஒரே ராத்திரியில் பெட் மேல் காவி படிந்துவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று வேறு. சாக்கைப் போட்டு மூடாதீர்கள், சாக்கு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பெட்டுக்கே ஊட்டும். தினமும் வேலை முடிந்ததும் சுருளைத் தள்ளி, துடைத்து, 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் ஒரு பூச்சு, மேலே காற்று போக இடைவெளி விட்டுத் தார்ப்பாய். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மாமா பட்டறையின் ஓடு பறந்து மெஷின் நனைந்தது, வீட்டில் இருந்த பிள்ளைகளெல்லாம் போய் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். அன்றிலிருந்து மழை அறிவிப்பு வந்தாலே நான் முதலில் கிரீஸ் டப்பாவைத்தான் தேடுகிறேன்.

கரண்ட் பற்றி இரண்டு வரி. மூன்று ஃபேஸ் இருந்தால் நல்லது. வயல் மோட்டார்கள் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், 3 எச்பி மோட்டார் கனமாக வெட்டும்போது முனகும், அந்த நேரத்தில் வெட்டைக் குறைத்துக்கொள்வேன். ஒற்றை ஃபேஸ் மட்டும் இருக்கிறவர்கள் ஒற்றை ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் கொடுக்கும் டிரைவ் போட்டால் 3 எச்பி வரைக்கும் சமாளிக்கலாம். வேகமும் கையில் வந்துவிடும்.

புது லேத்தா பழசா என்று கேட்கிறார்கள். இதே அளவில் புதுசுக்கு அப்போது எனக்குச் சொன்ன விலை மூன்றரை லட்சத்துக்கு மேல். டயல் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போக முடிந்தால் பழசு. அப்படி ஆள் இல்லையென்றால் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் புதுசே எடுங்கள், டிராக்டருக்குக் கடன் வாங்கிக் கூண்டுச் சக்கரமும் மாட்டிக்கொண்டு வருகிற விவசாயியின் ஷாஃப்டைக் கோணலாகக் கடைந்து கொடுக்கிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

எனக்கு இந்த மெஷின் தந்தது என்னவென்று கேட்டால், முன்பு கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் போய் இரண்டு நாள் காத்திருந்த வேலை இப்போது இங்கேயே மாலைக்குள் முடிகிறது. அறுவடை நாளில் ஒரு இயந்திரம் இரண்டு நாள் நின்றால், அடுத்த மழைக்குள் எத்தனை மா நிலத்து நெல் சாய்ந்து போகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். போன தை மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஷாஃப்டோடு வந்த திருத்துறைப்பூண்டிக்காரர் விடிகாலை நான்கு மணிக்கு அதைத் தோளில் வைத்துக்கொண்டு போனார், காலை ஏழு மணிக்கு வயலிலிருந்து போன் போட்டு இயந்திரச் சத்தத்தைக் கேட்க வைத்தார்.

ஹாஃப் நட் இப்போது முழுசாகத் தேய்ந்துவிட்டது, மரை வெட்டும்போது ஒரு உதறல் தெரிகிறது. வெண்கலத்தில் புதுசு ஒன்று கடைந்து வைத்திருக்கிறேன். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து குறுவை வேலை சூடு பிடித்துவிட்டால் மெஷினை நிறுத்த முடியாது, அதனால் மே கடைசி வாரத்தில் மாட்டுகிறேன். அந்த நேரத்தில் பார்க்க வருகிறவர்கள் வரலாம், சேடிலின் ஏப்ரன் (முன்பக்கப் பெட்டி) திறந்திருக்கும், உள்ளே எல்லாம் தெரியும்.